கேட்டு நடித்த கலைஞர் டி. எஸ். பாலையா

தோற்றுவாய்

பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு காலத்தில் அலைமோதி நின்ற ஊர் கொற்கை. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் தலைமையிடமாகவும் சங்கச் சான்றோரால் புகழப்பெற்ற அவ்வூரை விட்டு இன்று கடல் விலகிச் சென்றுவிட்டது. ஆயினும் கொற்கை முத்தின் புகழ் தமிழில் நிலைத்திருக்கிறது. முத்தைப் பாடிய புலவரின் பெயரை அறிவோம். முத்துக்கு உரிமை பூண்ட மன்னரின் பெயரையும் அறிவோம். மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பியைக் கொணர்ந்தவனின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது.

கலையுலகிலும் இத்தகையோர் உண்டு. பிறருடைய நடிப்பு ஒளிபெறுவதற்குத் தாம் காரணமாயிருந்து, புகழை அவர்களுக்கே விட்டு ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். அவ்வரிசையில் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவர் இந்தத் தென்பாண்டிச் சீமையிலேயே பிறந்த டி. எஸ். பாலையா ஆவார்.

என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும். ஒரு ஞாயிறன்று 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒலி நின்றுபோயிற்று. படம் மட்டும் தெரிந்தது. திரையில் மகன் கதை சொல்லிக்கொண்டிருந்தான், தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் தட்டிப் பார்க்க எழுந்த என்னை வாப்பா கையமர்த்தி உட்கார வைத்தார்கள். ஒரு சொல்லும் காதில் விழாத அந்தக் காட்சியைக் கண்டு வீடே சிரித்தது. பேசுகிறவருக்குத்தான் ஒலி வேண்டும், கேட்கிறவருக்கு வேண்டியதில்லை என்று வாப்பா பின்னர்ச் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அப்பொருளை நாடியே பாலையாவின் கலைவாழ்வை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் பயிற்சியும்

பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தார். 1986இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட எல்லை மாறினும் அவர் பெயரின் முதலெழுத்து மாறவில்லை; திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயரையே அது இறுதிவரை சுமந்து நின்றது.

அவர் வளர்ந்த காலம் நாடகக் குழுக்களின் காலம். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி நடிகன் குரலெடுத்துப் பேச வேண்டும். பாட வேண்டும், வாள் சுழற்ற வேண்டும், விடியும்வரை களைப்பின்றி நிற்க வேண்டும். சிறுவர்களைக் கொண்டே நடத்தப்பெற்ற குழுக்களில் ஒருவன் தன் பாடத்தை மட்டும் மனனம் செய்தால் போதாது. உடன் நடிப்பவனின் பாடத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்விடத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும் இடம் தெரிந்தால்தான் தன் பேச்சைத் தொடங்க முடியும். ஆகவே பேசக் கற்பதற்கு முன் கேட்கக் கற்பது அப்பள்ளியின் முதற் பாடமாயிற்று.

நாடகமேடை வளர்த்த அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் பாலையா. பின்னாளில் திரைக்கு வந்த மேடை நடிகர் பலர், மேடையின் உரத்த குரலை மட்டும் உடன்கொண்டு வந்தனர். பாலையாவோ மேடையின் செவியையும் கொண்டுவந்தார். இவ்வேறுபாடே அவருடைய கலைவாழ்வின் திறவுகோல் எனலாம்.

திரையில் முதலடி

1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' பாலையாவின் முதற்படம். எஸ். எஸ். வாசன் எழுதிய கதையைத் தழுவிய அப்படத்தை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம். கே. ராதா கதைத்தலைவர், என். எஸ். கிருஷ்ணனும் நடித்தார். காவல் ஆய்வாளராகச் சிறு வேடமொன்றில் முதன்முறையாகத் திரையில் தோன்றியவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவர்களுள் ஒருவர் பின்னாளில் நாட்டின் முதலமைச்சரானார். மற்றொருவர் கலைவாணர் எனக் கொண்டாடப்பட்டார். அதே படத்தில் அறிமுகமாகி, அடுத்த முப்பத்தாறு ஆண்டுகளும் தமிழ்த் திரையை விட்டு நீங்காதிருந்த பாலையாவுக்கு அத்தகைய புகழ்மாலை எதுவும் சூட்டப்படவில்லை.

அப்படத்தில் அவர் ஏற்றது இராமநாதன் என்னும் தீய நண்பன் வேடம். கதைத்தலைவனைக் குடிக்கும் கேட்டுக்கும் இழுத்துச் செல்பவன் அவன். வாளேந்தி வந்து மிரட்டும் பகைவன் அல்லன். தோளில் கைபோட்டு வருபவன். அத்தகையவன் முதலில் நண்பன் என்று நம்பப்பட வேண்டும். அந்நம்பிக்கையைப் பார்ப்போர் உள்ளத்தில் உண்டாக்கியபின்னரே அவன் தீமை செய்ய முடியும். முதற்படத்திலேயே பாலையாவுக்கு வாய்த்தது இந்த அரிய சோதனை.

இங்கே மற்றொன்றும் எண்ணத்தக்கது. இயக்குநர் டங்கன் தமிழறியாதவர். உரையாடலின் நயத்தைக் கொண்டு நடிப்பை அளக்க அவரால் இயலாது. நடிகனின் கண்ணும் முகமும் உடலும் என்ன கூறுகின்றன என்பதையே அவர் முதன்மையாக நோக்கியிருத்தல் கூடும். மறு ஆண்டு, 1937இல் எம். கே. தியாகராஜ பாகவதரைக் கொண்டு டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யிலும் உருத்திரசேனன் என்னும் எதிர்நிலை மாந்தராகப் பாலையா நடித்தார். மொழி தெரியாத ஒருவரின் கண்ணுக்கும் விளங்குமாறு நடிக்க வேண்டிய பயிற்சி, திரைவாழ்வின் தொடக்கத்திலேயே அவருக்குக் கிட்டியது. ஒலி நின்ற தொலைக்காட்சிப் பெட்டியின்முன் எங்கள் வீட்டார் சிரித்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறதோ என்று நான் எண்ணுவதுண்டு.

நண்பனும் பகைவனும்

1949இல் பேரறிஞர் அண்ணாவின் எழுத்தில், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கத்தில் வெளிவந்த 'வேலைக்காரி'யில் பாலையா மீண்டும் நண்பனாக வந்தார். இம்முறை கெடுக்கும் நண்பன் அல்லன், காக்கும் நண்பன். தந்தையின் சாவுக்குப் பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனாக கே. ஆர். இராமசாமி கொதிப்பார். அக்கொதிப்பை அறிவின் வழியே திருப்பிவிடும் மணி என்னும் தோழர் பாலையா. அப்படம் வசனத்துக்காகவே பேசப்பட்ட படம். ஆனால் மணி அறிவுரை கூறும் இடம் பார்ப்போரின் உள்ளத்தில் ஏன் பதிகிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நண்பனின் சினத்தை அவர் முழுதும் கேட்டு முடித்திருக்கிறார். அச்சினம் நியாயமானது என்பதைத் தம் முகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்பின் பேசுவதால் அறிவுரை அறிவுரையாக ஒலிக்காமல் உறவின் குரலாக ஒலிக்கிறது.

1954இல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டாகத் தோன்றித் தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். சிவாஜி கணேசனும் திருவாங்கூர்ச் சகோதரியரும் நடித்த அப்படத்தில், கள்ளக்காதலும் நகைச்சுவையும் ஒன்றாகக் கலந்த வேடம் அது. கொச்சைப் பேச்சைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் அது விகடமாக முடிந்திருக்கும். வேற்றுமொழியில் தடுமாறும் ஒருவன், எதிரில் இருப்பவர் தன் சொல்லைப் புரிந்துகொண்டாரா என்று அவர் முகத்தைத் தேடிப் பார்ப்பான். அத்தேடலைப் பாலையா விடாமல் காட்டினார். 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் நரசப்பனாக எம். ஜி. ஆரை எதிர்த்து நின்றார். அவருடைய தீயவர்கள் கண்ணை உருட்டி அச்சுறுத்துபவர்கள் அல்லர். தங்களைத் தாங்களே நல்லவர்களென்று நம்பிக்கொண்டிருப்பவர்கள். ஆகையால்தான் அவர்களை நாம் எங்கோ பார்த்திருப்பதுபோல் தோன்றுகிறது.

ஒரு வீட்டில் இரு நெல்லைக் கலைஞர்

1959இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை' பாலையாவின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. கூட்டுக்குடும்பத்தின் மூத்தவராகப் பாலையாவும் இளையவராக எஸ். வி. சுப்பையாவும் நடித்தனர். சுப்பையா செங்கோட்டைக்காரர். மலையடிவாரத்தில் பிறந்த ஒருவரும் கடற்கரைச் சீமையில் பிறந்த ஒருவரும் ஒரு வீட்டின் உடன்பிறந்தாராகத் திரையில் நின்றது நம் வட்டாரத்தார் மகிழ்ந்து நினைவுகூரத்தக்கது.

அக்கதையில் உடன்பிறந்தார் இருவருக்கும் இடையே பகை இல்லை. வீட்டிலுள்ள பிறரின் சொல்லும் சூழ்ச்சியும் சேர்ந்து அவர்களைப் பிரிக்கின்றன. சுப்பையா நெகிழ்ந்து உருகும் இயல்பினர். அவருடைய துயரம் வெளிப்படையானது. பாலையாவின் நிலையோ இடர்ப்பாடு மிக்கது. மனைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தம்பியின்மீது கொண்ட அன்பை மறைத்து, மூத்தவர் என்னும் கௌரவத்தையும் விடாமல் அவர் நிற்க வேண்டும். பேச முடியாத இடத்தில் நிற்கும் மனிதனைப் பேசாமலேயே அவர் காட்டினார். சொத்துப் பிரிந்த வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு. அவ்வீடுகளின் மூத்தவர்களை நினைத்துக்கொண்டு அப்படத்தைக் காண்போர்க்குப் பாலையாவின் மௌனம் எத்துணை உண்மையானது என்பது விளங்கும்.

மறு ஆண்டில் 'களத்தூர் கண்ணம்மா'வில் பாலையா ஜமீன்தாராகவும், சுப்பையா அந்த ஜமீனை அண்டிப் பிழைக்கும் குடியானவராகவும் நடித்தனர். சென்ற ஆண்டின் உடன்பிறந்தார் இவ்வாண்டில் ஆண்டானும் அடிமையுமாக எதிரெதிரே நின்றனர். நிமிர்ந்து நிற்பதிலும், எதிரிலிருப்பவரைப் பாராமலே அவர் பேச்சைக் கேட்பதிலும் ஜமீன்தாரின் உயர்வை உணர்த்திவிட்டார் பாலையா. கேட்பதிலும் தரவேறுபாடு உண்டு. அன்பினால் கேட்பது வேறு. அதிகாரத்தினால் கேட்பது வேறு. அவ்வேறுபாட்டை அவர் நன்கறிந்திருந்தார்.

அச்சம் பிறந்த இடம்

1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' பாலையாவின் பெயரை இன்றளவும் இளைஞரிடையே நிலைநிறுத்தியிருக்கும் படம். செல்வர் விசுவநாதனாகப் பாலையாவும், திரைப்படம் எடுத்தே தீருவேன் என்று அலையும் மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். மகன் தன் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியைத் தமிழகத்தில் அறியாதார் இலர். திகில் கதை அது. இடியும் கதவோசையும் நாகேஷின் வாயிலிருந்தே பிறக்கின்றன. அவர் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

ஆயினும் ஒன்றை நோக்குக. நாகேஷ் கூறும் கதையில் கதை என்று எதுவும் இல்லை. அதைத் தனியே ஒருவர் எழுத்தில் படித்தால் அச்சமும் தோன்றாது, சிரிப்பும் வராது. அக்கதையில் அச்சம் இருப்பதாக நாம் நம்புவதற்கு ஒரே சான்று பாலையாவின் முகந்தான். வேண்டாவெறுப்பாகக் கேட்கத் தொடங்குகிறார், பின் ஆவல் பிறக்கிறது, ஆவல் மெல்ல மெல்லத் திகைப்பாகிறது, திகைப்பு நடுக்கமாகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுத்துக் காட்டுவார். அச்சம் பிறப்பதற்கு அவர் கூறும் களன்கள் வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தலைவரின் சினம் என்பன. விசுவநாதனின் எதிரே இவற்றுள் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நிறைந்த வீடு, பெற்ற மகன், வெறும் சொல். களன் இல்லாத இடத்தில் மெய்ப்பாட்டைத் தோற்றுவித்ததே அவ்விடத்தில் பாலையா நிகழ்த்திய அருஞ்செயல். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாதல் என்று உரையாசிரியர் தரும் விளக்கத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டை வகுப்பறையில் தர இயலுமா என்பது ஐயமே.

அதே படத்தில் மற்றோரிடமும் தமிழ் மாணவர் சிந்திக்கத்தக்கது. தாம் வேலையை விட்டு விரட்டிய இளைஞன் ஒரு கோடீசுவரரின் பிள்ளை என்று நம்பவைக்கப்படுகிறார் விசுவநாதன். அதுவரை ஒருமையில் விளித்தவர், நொடிப்பொழுதில் மரியாதைக்கு மாறுகிறார். அவ்விளைஞனின் பெயரோடு உயர்வு விகுதியைச் சேர்க்கிறார். அதுவும் போதாதென்று மகன் என்னும் முறைப்பெயரின் ஈற்றிலும் அவ்விகுதியை ஏற்றிவிடுகிறார். இலக்கணம் இடந்தராத அந்த ஒரு விகுதியில் பணத்தின் முன் மனிதன் குனியும் குனிவு முழுவதும் அடங்கிவிடுகிறது. இதைச் சிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் கூறவில்லை. மெய்யான பணிவோடு கூறுகிறார். ஆகவேதான் நாம் சிரிக்கிறோம். நகைச்சுவை நடிகன் தானும் சிரிக்கத் தொடங்கினால் காண்போர் சிரிப்பு அடங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பெருமிதமும் மருட்கையும்

1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் பாலையா ஏற்றது ஏமநாத பாகவதர் வேடம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் இக்கதையைத் தமிழ் மாணவர் அறிவர். பாண்டிய நாட்டுக்கு வந்து தன் இசைக்கு நிகரில்லை என்று அறைகூவும் புலவன், விறகு விற்பவனாக வந்த இறைவனின் பாட்டைக் கேட்டு அன்றிரவே ஊரை விட்டு நீங்குவான்.

பெருமிதம் பிறக்கும் களன்களுள் கல்வியை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். ஏமநாதனின் செருக்கு வெறும் ஆணவம் அன்று. கல்வியில் விளைந்த செருக்கு. அரசவையில் அவன் பாடும் இராகமாலிகைக்குக் குரல் தந்தவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. அக்குரலின் நுணுக்கத்துக்கு ஏற்பப் பாலையாவின் தலையும் விரல்களும் புருவமும் அசைவதைக் கண்டோர், பாடுகிறவர் அவரல்லர் என்பதை மறந்துவிடுவர். பிறர் குரலைத் தம் உடலில் ஏற்பதும் ஒருவகைக் கேள்வியே அன்றோ?

ஆனால் அவ்வேடத்தின் உயிர் அவைப்பாடலில் இல்லை. இரவில், தெருத்திண்ணையிலிருந்து எழும் விறகுவெட்டியின் பாட்டை வீட்டினுள் இருந்து கேட்கும் இடத்தில் இருக்கிறது. பாடுபவர் சிவாஜி கணேசன், குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. பாலையாவுக்கு அங்கே கேட்பதைத் தவிர வேறு செயல் இல்லை. முதலில் அலட்சியம், அடுத்து வியப்பு, அதன்பின் தாம் கற்றதன் எல்லை தெரிந்துவிட்டவனின் திகைப்பு. இசை அறியாதவன் அப்பாட்டைக் கேட்டுத் தோற்க முடியாது. ஆழ்ந்து கற்றவனால்தான் தன் தோல்வியை முதலில் உணர முடியும். தோல்வியை ஒப்புக்கொள்ளும் அக்கணத்தில் ஏமநாதன் நம் மதிப்பில் உயர்ந்துவிடுகிறான். செருக்கனாக வந்தவனைச் சான்றோனாக அனுப்பி வைத்தது பாலையாவின் செவி.

தவிலின் இடம்

1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்புவின் நெடுங்கதையைத் தழுவியது. நாகசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். குழுவின் தவில் கலைஞர் முத்துராக்கு பாலையா.

நாகசுரம் இராகத்தை விரித்துச் செல்லும்போது தவில் காத்திருக்கும்; அதன் போக்கை உன்னிப்பாகக் கேட்டு, உரிய இடத்தில் சேர்ந்து, பாட்டுக்கு நடையும் மிடுக்கும் தரும். பாலையாவின் கலைவாழ்வுக்கு இதனினும் பொருத்தமான வேடம் வேறில்லை. சண்முகசுந்தரம் முன்கோபி. அவர் பொங்கும்போதெல்லாம் அருகே நின்று தணிப்பவர் முத்துராக்கு. புகைவண்டிப் பயணத்தில் காதலர் இருவரும் விழியால் பேசிக்கொள்ள, அதை அறிந்தும் அறியாதவர்போல் அமர்ந்திருக்கும் பெரியவரின் குறும்பு, அக்காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. சிவாஜி என்னும் பெருநடிகரோடு போட்டியிட்டு வெல்ல முயன்றவர் பலர். அவரோடு சேர்ந்து வாசித்தவர் பாலையா.

மதிப்பீட்டில் நேர்ந்த குறை

இத்தகைய கலைஞர் உரிய அளவில் மதிக்கப்படாமைக்குக் காரணம் யாது? நடிப்பைப் பேச்சைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். அடுக்குமொழி வசனம் மேலோங்கியிருந்த காலத்தில் நீண்ட உரையை ஒரே மூச்சில் பேசுவதே நடிப்பின் உச்சம் என்று கருதப்பட்டது. கேட்பவனின் பங்கைக் கணக்கிடும் அளவுகோல் நம்மிடம் இல்லை.

இது தமிழகத்தின் குறை மட்டும் அன்று. 'காதலிக்க நேரமில்லை' 1966இல் இந்தியில் எடுக்கப்பட்டபோது கதை சொல்லும் மகனாக மெஹ்மூதும், கேட்கும் தந்தையாக ஓம் பிரகாஷும் நடித்தனர். சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்குக் கிடைத்தது. தகுதியுள்ளவர்க்கே கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் கேட்டவர் இல்லாமல் அவ்விருதுக்குரிய காட்சி இல்லை என்பதையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் உருசிய நாட்டு இயக்குநர் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை உணவுத் தட்டு, சவப்பெட்டி முதலிய வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்ட, பார்த்தோர் அம்முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டதாகப் பாராட்டினராம். இதைக்கொண்டு, திரையில் முகம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, படத்தொகுப்பே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. பாலையா அவ்வாதத்துக்கு விடையாக நிற்கிறார். கதை கேட்கும் காட்சியில் அவர் முகத்தை நீக்கிவிட்டு அசையா முகம் ஒன்றை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள், காட்சி சரிந்துவிடும்.

மெய்ப்பாட்டியலின் நிறைவில் தொல்காப்பியர் ஓர் எச்சரிக்கை விடுக்கிறார். கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரும் அறிவுடையார்க்கு அல்லாமல் மெய்ப்பாட்டின் நயத்தை ஆராய்தல் அரிது என்பது அதன் கருத்து. குறை பல வேளைகளில் நடிகனிடம் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது.

நிறைவாக

1972ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், ஐம்பத்தெட்டு வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், பாலையா மறைந்தார். அவர் மகன் ஜூனியர் பாலையா தந்தையின் வழியில் நடிப்புத் துறையில் நின்று 2023இல் காலமானார். தந்தை மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவர் கேட்ட கதையை இன்றைய இளைஞரும் கைப்பேசித் திரையில் பார்த்துச் சிரிக்கின்றனர்.

ஒலி நின்ற அந்த ஞாயிறன்று வாப்பா சொன்னது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. வாப்பா மேடையேறிப் பேசியவர்கள் அல்லர். ஊர்க்கூட்டங்களில் ஓர் ஓரமாய் அமர்ந்து எல்லாருடைய முறையீட்டையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நன்றியுரைகளில் அவர்கள் பெயர் இடம்பெற்றதாக நினைவில்லை. அவர்கள் மறைந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் எனக்கு அறிமுகமில்லாத பலர் இருந்தனர். தம் வீட்டுச் சண்டையையும் கடன் தொல்லையையும் வாப்பாவிடம் சொல்லி ஆறுதல் பெற்றதாக ஒவ்வொருவரும் கூறினர். வாப்பா அவர்களுக்கு என்ன அறிவுரை கூறினார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் அது நினைவில்லை. கேட்டார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

நம் மாணவர்கள் பட்டிமன்றத்திலும் பேச்சுப்போட்டியிலும் பரிசு பெறுகின்றனர், மகிழ்கிறோம். கேட்டமைக்குப் பரிசு தரும் வழக்கம் எக்கல்லூரியிலும் இல்லை. வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. பேசுபவன் சிறப்பது கேட்பவனால் என்னும் உண்மையைப் பாலையா முப்பத்தாறு ஆண்டுகள் திரையில் நடித்துக் காட்டினார். அடுத்தமுறை அப்படங்களைக் காணும்போது, பேசுபவரை விட்டுவிட்டுச் சிறிது நேரம் கேட்பவரைப் பாருங்கள். கொற்கை முத்தின் ஒளியில் அதை எடுத்து வந்தவனின் முகமும் தெரியும்.